போஸ்ட் டியூட்டி சாயங்காலத்தில் யோகா வகுப்பு

மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் எம்.டி. முதலாம் ஆண்டு படிக்கும் 27 வயதுப் பெண், மனநல மருத்துவனான எனக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். நீளமான கடிதம். மூன்று தனித்தனி இரவுகளில் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் பாதி வாக்கியத்தில் நின்று, 'வார்டில் கூப்பிட்டார்கள், இப்போது தொடர்கிறேன்' என்று மறுபடி தொடங்குகிறது.

திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமம் அவருக்கு. அப்பா விவசாயம், அம்மா சத்துணவு அமைப்பாளர். சொந்தபந்தத்திலேயே முதல் டாக்டர் இவர்தான். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நான்கு நாளைக்கு ஒரு முறை அவருடைய யூனிட்டுக்கு அட்மிஷன் டே, அதாவது புதிய நோயாளிகளைச் சேர்க்கும் நாள். அன்று காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் போனால், மறுநாள் ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் முடித்து வெளியே வர மாலை ஐந்தாகிவிடும். மற்ற இரண்டு நாளும் காலை ஏழிலிருந்து மாலை ஐந்து. இதுவரை எடுத்த விடுப்பு மூன்று நாள். எடை ஏழு கிலோ குறைந்துவிட்டது. எம்.பி.பி.எஸ். காலத்துத் தோழியின் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. தோழி இப்போது போன் எடுப்பதில்லை. 'மதுரைக்காரியாக இருந்துகொண்டு இந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்கியதை நான் பார்த்தது, கூட்டத்தில் மயங்கி ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் வழியாகத்தான்' என்கிறார்.

ஒரு போஸ்ட் டியூட்டி (அட்மிஷன் டேக்கு மறுநாள்) மாலையில் அம்மாவைப் பார்க்க ஸ்கூட்டரில் கிளம்பி, கப்பலூர் டோல்கேட் தாண்டியதும் கண் அசந்திருக்கிறார். பின்னால் வந்த லாரியின் ஹாரன்தான் எழுப்பியது. அடுத்த வரி இது: 'லேசாக இடித்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு வாரம் அட்மிட் ஆகித் தூங்கியிருக்கலாம் என்று தோன்றியது.' மூன்று மாதமாக, டியூட்டி இல்லாத இரவுகளில் அரை மில்லிகிராம் அல்பிரசோலம் என்ற, பதற்றம் தணிக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

கல்லூரியில் நலத்திட்டம் இல்லாமல் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு யோகா. அதற்கு வருகைப்பதிவு உண்டு. மாதம் ஒரு கெட்-டுகெதர். அதற்கு முதலாம் ஆண்டு ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய். ஹால் பிடிப்பது, சாப்பாடு சொல்வது, கடைசியில் தள்ளாடும் சீனியர்களை ஹாஸ்டலில் கொண்டுபோய் விடுவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. போகாதவர் பெயர் அடுத்த மாத டியூட்டி லிஸ்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் தெரியுமாம். ஒரு சீனியரின் தீசிஸுக்கான நோயாளி விவரங்களை எக்ஸெல்லில் ஏற்றுவதும் இவர் தலையில். வீட்டில் ஜாதகம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 'ஒரு கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்' என்கிறார் அம்மா. இந்த நேரத்தில் துறைத் தலைவர் இவரை நலக் குழுவுக்கு முதலாம் ஆண்டுப் பிரதிநிதியாகப் போட்டு, 'என்னென்ன செய்யலாம்னு எழுதிக் குடும்மா' என்று கேட்டிருக்கிறார்.

கேள்விகள் இவை. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவளா? சீட்டை விட்டுவிடலாமா? மனநல மருத்துவரைப் பார்த்தால் அது பதிவில் ஏறி எதிர்காலம் கெடுமா? வாரம் 48 மணி நேரம்தான் வேலை என்று சட்டமே இருக்கிறதாமே, வழக்குப் போடலாமா? அந்தக் குழுவுக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

டாக்டர்,

உங்களை அப்படித்தான் கூப்பிடப் போகிறேன். இத்தனை பெரிய கடிதத்தில் உங்களை நீங்கள் ஓர் இடத்தில்கூட டாக்டர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 'ஃபர்ஸ்ட் இயர்', 'ஜூனியர்', ஓர் இடத்தில் 'எடுபிடி'.

கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுக்கவில்லை. முதலில் அந்த லாரி.

'சாக வேண்டும் என்று நினைக்கவில்லை, தூங்கத்தான்' என்று பக்கத்திலேயே விளக்கம் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள் என் எதிரில் உட்கார்ந்து இதைப் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்: டெங்கு வராதா, கால் முறியாதா, அப்பெண்டிக்ஸ் வீங்காதா. லீவு கேட்க வாய் வராதவர்கள், உடம்பாவது நமக்காக லீவு வாங்கித் தராதா என்று ஏங்குவது அது. ஆனால் அதோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளை நீங்களே போட்டுப் பார்த்து, 14 வந்ததாகச் சொல்கிறீர்கள். முதல் எட்டுக் கேள்விகளுக்கு எவ்வளவு போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாக எழுதிவிட்டு, சாவு பற்றிய நினைப்பைக் கேட்கும் ஒன்பதாவதை விட்டுவிட்டீர்கள். எட்டையும் கூட்டிப் பார்த்தேன். 13 வருகிறது. மிச்சம் ஒன்று எங்கே இருக்கிறது என்று நம் இருவருக்கும் தெரியும்.

அதில் ஒன்று என்றால் 'சில நாட்கள்' என்று அர்த்தம். இதை நேரில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், இந்த வாரத்துக்குள். எனக்கு எழுதியது போதாது, நான் தூரத்தில் இருக்கிறேன். அந்த நினைப்பு என்றைக்காவது விபத்தை விட்டுவிட்டு, நீங்களாக ஏதாவது செய்துகொள்வது என்று உருமாறினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 14416, அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அல்லது கூடப் படிக்கும் ஒருவரை எழுப்பி அழைத்துக்கொண்டு நேரே கேஷுவாலிட்டிக்குப் போங்கள். மருந்தும் ஊசியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தொழில் நம்முடையது. அதனால்தான் மற்றவர்களுக்குச் சொல்வதற்கு ஒரு படி முன்னாலேயே உங்களுக்குச் சொல்கிறேன்.

இனி அந்த 14. பத்தோ அதற்கு மேலோ என்றால் மனச்சோர்வு இருக்கிறதா என்று முறையாகப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு சிக்கல் இருக்கிறது. தூக்கம், அசதி, பசி, கவனம் என்ற நான்கு கேள்விகளுக்கு அட்மிஷன் டே முடித்த எந்த பிஜியும், அதாவது முதுநிலை மாணவரும், நிறைய மார்க் வாங்குவார். அதனால் மார்க்கைவிட உங்கள் கடிதத்தில் இருக்கும் வேறொரு வரியைத்தான் நான் கவனித்தேன்: லீவு கிடைத்த மூன்று நாளிலும் ஊரில் போய்ப் படுத்தும், நான்கு மணிக்கே விழிப்பு வந்தது, அம்மா வைத்த நாட்டுக்கோழிக் குழம்பு ருசிக்கவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. வேலை தந்த களைப்பு மட்டும் என்றால் வேலையை விட்டு விலகியதும் கொஞ்சமாவது இறங்க வேண்டும். 'பர்ன்-அவுட்' என்று இன்று எல்லாரும் சொல்வதை 1974ல் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் எழுதிப் பேச்சுக்குக் கொண்டுவந்தார். உலக சுகாதார நிறுவனம் 2019ல் அதை வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது, நோய் என்று சொல்லவில்லை. மனச்சோர்வு நோய். உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். கடிதத்தை வைத்து இதற்கு மேல் சொல்வது சரியில்லை. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். ஏழு கிலோ குறைந்து வரும் நோயாளிக்கு நீங்கள் எழுதுகிற டெஸ்டை உங்களுக்கு எழுத எட்டு மாதமாக யாரும் இல்லை.

அல்பிரசோலத்தை இன்றோடு திடீரென்று நிறுத்த வேண்டாம். தூக்கம் முன்னைவிட மோசமாகும், படபடப்பு வரும். அளவைக் கூட்டவும் வேண்டாம். படிப்படியாகக் குறைக்கிற வேலையை வேறொரு டாக்டர் கையில் கொடுங்கள். ஷெட்யூல் எச்1ல் இருக்கும் மருந்து, சீட்டில்லாமல் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. வார்டில் அது எப்படி வரும் என்று எனக்கும் தெரியும்.

அப்புறம் ஸ்கூட்டர். தொடர்ந்து 24 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போல ஆகிவிடுகிறது என்று 1997லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் அனுமதிக்கும் அளவு 0.03. நீங்கள் அன்று நான்கு வழிச்சாலையில் போனது 34 மணி நேர டியூட்டிக்குப் பிறகு. குடித்துவிட்டு வண்டி ஓட்டி அடிபட்டு வந்தவரை நீங்கள் என்ன திட்டு திட்டியிருப்பீர்கள்? போஸ்ட் டியூட்டி அன்று வண்டி கிடையாது. இதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை.

லாயக்கு

நான் பிஜி படித்தது தொண்ணூறுகளில், வேறொரு ஊரில். அப்பத்தா இறந்துவிட்டதாகத் தகவல் வந்த நேரம் எங்களுக்கு அட்மிஷன் டே. சீனியரிடம் வாயே திறக்கவில்லை. மறுநாள் மாலை வீடு போய்ச் சேர்ந்தபோது எரித்துப் பால் தெளித்தும் முடிந்திருந்தது. இருபது வருஷம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன், தங்கை நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் கேட்டபோது, இதைச் சொல்லித்தான் மறுத்தேன். 'சரி சார்' என்று போய்விட்டான். ஆறு மாதத்தில் படிப்பையும் விட்டான். நான்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். நான் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு இன்றுதான் இந்தக் கதையை எடுக்கிறேன்.

'நாங்க எல்லாம் பட்டதுதான்' என்று உங்கள் சீனியர்கள் சொல்வதை இரண்டு மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பட்டது உண்மை. அதனால் நல்ல டாக்டர் ஆனோம் என்பதுதான் நாங்களாகச் சேர்த்துக்கொண்டது. ரெசிடென்ட் என்ற பெயரே மருத்துவமனைக்குள் குடியிருப்பவர் என்பதால் வந்தது. 1889ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இந்தப் பயிற்சி முறைக்கு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர். தன் பயிற்சியாளர்களிடம் எல்லையில்லாத உழைப்பை எதிர்பார்த்த அந்த மனிதர், கோக்கெய்னுக்கும் பிறகு மார்ஃபினுக்கும் அடிமையாகி வாழ்நாள் முழுக்கப் போராடியவர். அந்தப் பாதியை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதே அமெரிக்காவில் 1984ல் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண், களைத்துப்போன பயிற்சி மருத்துவர்களின் கையில் இறந்தபோது அவளுடைய அப்பா விடாமல் போராடினார். நியூயார்க் மாநிலம் 1989ல் வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு போட்டது, 2003ல் நாடு முழுக்க வந்தது. 80 ஒன்றும் சின்ன எண்ணில்லை. உங்களுடைய நான்கு நாள் கணக்கைப் போட்டேன்: 54 மணி நேரம். வாரத்துக்கு 94ஐத் தாண்டுகிறது.

ஆக, நீங்கள் லாயக்கா என்பதை இந்த நிலையில் அளந்து பார்க்க முடியாது. கடிதத்தின் நடுவில், பாம்புக்கடியோடு வந்த ஒரு அம்மாவுக்கு, விஷம் நரம்பைத் தாக்குவதன் அடையாளமாக இமை சரிவதை நீங்கள்தான் முதலில் பார்த்துக் குரல் கொடுத்ததாக ஒரு வரி வருகிறது. போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கேஸ் ஷீட்டில் ஏதோ விட்டுப்போய்த் திட்டு வாங்கியதை அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

48, 74, 'நியாயமான நேரம்'

இதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்தத் தாள்களோடு பல வருஷம் மல்லுக்கட்டியவன். நீங்கள் சொல்லும் 48 மணி நேரம், மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூன் 5 அன்று மத்திய ரெசிடென்சி திட்டத்துக்காகப் போட்ட ஆணையில் வருவது. ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பதும் அதில் உண்டு. நல்ல ஆணை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய் உங்கள் சீஃப் மேஜையில் வைத்தால் 'இது மத்திய அரசு திட்டத்துக்கு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024ல் வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது, அது பரிந்துரை. உங்களை நேரடியாகக் கட்டுவது ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறை. அதில் மணிக்கணக்கே இல்லை. 'நியாயமான வேலை நேரம்', ஓய்வுக்கு 'நியாயமான நேரம்'. அந்த 'நியாயமான' என்ற சொல்லுக்குள் யானைமலையே நுழைந்துவிடும்.

ஆனால் அதே விதிமுறையில் எண்ணாக இருப்பவற்றை நீங்கள் கவனிக்கவில்லை. வருஷத்துக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு. அது போக ஐந்து நாள் கல்வி விடுப்பு. வேலை நெருக்கடியைப் பொறுத்து வாரம் ஒரு நாள் விடுமுறை. எட்டு மாதத்தில் நீங்கள் எடுத்தது மூன்று. 'லீவு கிடைக்காது' என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை முறை எழுத்தில் கேட்டீர்கள் என்று எழுதவில்லை. ஒரு முறையும் இல்லை என்று ஊகிக்கிறேன். சீனியரிடம் வாய்மொழியாகக் கேட்டு, அவர் முறைத்து, நீங்கள் திரும்பி வந்தது விடுப்பு விண்ணப்பம் ஆகாது.

வழக்கு? உயர் நீதிமன்றக் கிளை ஒத்தக்கடைப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் முதலாம் ஆண்டில், தனி ஆளாக, மனம் இந்த நிலையில் இருக்கும்போது வேண்டாம் என்பேன். நான்கைந்து மாத டியூட்டி லிஸ்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். கூடப் படிப்பவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம், துறைத் தலைவருக்கும் டீனுக்கும். ஒருவர் எழுதினால் புகார், எட்டுப் பேர் எழுதினால் கோரிக்கை.

அந்த இரண்டாயிரம் ரூபாய் விஷயத்தில் மட்டும் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அதை நீங்கள் 'டிபார்ட்மென்ட் வழக்கம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூனியர் மேல் கட்டாயச் செலவைச் சுமத்துவதும், ஒருவருக்கான படிப்பு வேலையை இன்னொரு மாணவரை வைத்து முடித்துக்கொள்வதும் ராகிங் என்றே யூ.ஜி.சி.யின் 2009ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. மருத்துவக் கல்லூரிகளுக்கென்று தேசிய மருத்துவ ஆணையம் 2021ல் தனி விதிமுறையே கொண்டுவந்தது. கெட்-டுகெதர் பணமும் தீசிஸ் எக்ஸெல்லும் இரண்டுமே இதற்குள் வருகின்றன. தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. உடனே போன் போடச் சொல்லவில்லை. புகார் கொடுத்த பின்னும் அதே வார்டில்தான் நிற்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். உங்கள் பெயர் தெரிந்த பிறகு சீனியர்களின் நடத்தை எப்படி மாறும் என்பதைக் கணக்கில் எடுத்து, கூட இருப்பவர்களோடு பேசி, சேர்ந்து முடிவெடுங்கள். இது 'வழக்கம்' இல்லை, இதற்கு வேறு பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அடுத்த மாதம் 'பணம் இல்லண்ணே' என்று சொல்லிப் பாருங்கள்.

மனநல மருத்துவரிடம் போனால்

பதிவில் ஏறாது. மருத்துவக் கவுன்சில் பதிவுக்கும் நீங்கள் சிகிச்சை எடுப்பதற்கும் சம்பந்தமில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை உங்கள் உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நேரங்களில் மட்டும் விலக்கு. உங்கள் பயம் சட்டத்தைப் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் கல்லூரி மனநல ஓ.பி.யில் போய் உட்கார்ந்தால் சீட்டு எழுதப்போவது மெஸ்ஸில் பக்கத்தில் சாப்பிடும் ஆள், அதுதான் பயம். நியாயம். வெளியே பாருங்கள். மதுரையில் தனியாகப் பார்க்கும் மனநல மருத்துவர்கள் நிறையப் பேர் மாலையில் இருக்கிறார்கள். தமிழக அரசு 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்காக 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றத்தைத் தொடங்கியது. உங்கள் கல்லூரியில் அதன் பொறுப்பு யாரிடம் என்று விசாரித்து வையுங்கள். (நானும் மனநல மருத்துவன், சொந்தக் கடைக்கு ஆள் சேர்ப்பதாக நினைத்துவிட வேண்டாம். என்னிடம் வர வேண்டாம், உங்களுக்குத் தூரம்.)

சீட்டை விடுவது

இப்போது வேண்டாம் என்கிறேன். எப்போதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனச்சோர்வு இருக்கும்போது எடுக்கும் பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடச் சொல்வது எங்கள் தொழிலில் பால பாடம். அது போக நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. முதுநிலையில் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள விதி இடம் தருவதில்லை. எனவே 'வேறு கல்லூரி கேட்கலாமா' என்ற யோசனையை விட்டுவிடுங்கள். பாதியில் விட்டால் பணமும் கட்ட வேண்டியிருக்கும், அடுத்த சேர்க்கையில் தடையும் வரலாம். இந்தப் பண பாண்டைக் கைவிடும்படி தேசிய மருத்துவ ஆணையம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுதியது உண்மைதான். ஆனால் உங்களைக் கட்டுவது நீங்கள் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாள். அதை எடுத்து வரி விடாமல் படியுங்கள். அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அவருக்குத் தெரியாமல் இத்தனை நாள் இந்தப் பாரத்தைச் சுமந்ததே அதிகம்.

விடுவதற்கும் இப்படியே தொடர்வதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, மருத்துவ விடுப்பு. மூன்று வாரமோ நான்கு வாரமோ சிகிச்சை தரும் டாக்டரின் சான்றோடு எடுக்கலாம். 80 சதவீத வருகை வேண்டும் என்பதால் நீண்ட விடுப்பு எடுத்தால் படிப்பு சில மாதம் நீளலாம். நீளட்டுமே. உங்கள் ஊரில் ஆறு மாதம் தாமதமாக எம்.டி. ஆனவர் என்று யாரும் உங்களை அடையாளம் சொல்லப்போவதில்லை. விடுப்பும் சிகிச்சையும் முடிந்து திரும்பிய பிறகும், நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் 'இந்தப் பிரிவு எனக்கு வேண்டாம்' என்று தோன்றினால், அன்றைக்கு நான் உங்கள் பக்கம் நிற்பேன்.

குழுவுக்கு எழுதிக் கொடுக்க

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். உங்கள் துறைத் தலைவர் கெட்டவராகத் தெரியவில்லை. நலம் என்றால் யோகா, கேக், குரூப் போட்டோ என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். முந்தின நாள் காலை உள்ளே போன ஆளை, வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பாயில் படுக்க வைத்து 'மூச்சைக் கவனி' என்றால் அவர் தூங்கித்தான் போவார். நீங்களும் அப்படித்தான் தூங்கியிருக்கிறீர்கள், அதற்கும் பேச்சு வாங்கியிருக்கிறீர்கள். யோகா மேல் எனக்குக் கோபமில்லை. டியூட்டி லிஸ்டில் இடம் பிடிக்காத எந்த நலத்திட்டமும் ஜூனியருக்கு இன்னொரு டியூட்டிதான்.

அதனால் முதல் வரியாக இதை எழுதுங்கள்: அட்மிஷன் டே முடிந்த மறுநாள் காலை ரவுண்ட்ஸில் நோயாளிகளை ஒப்படைத்த பிறகு, பதினோரு மணிக்குள் வீட்டுக்கு. 'முடிந்தால்' என்று எழுதக் கூடாது. லிஸ்டில் பெயருக்கு நேராக 'ஆஃப்' என்று அச்சாக வேண்டும், அன்றைய டிஸ்சார்ஜ் சம்மரிகளை யார் எழுதுவார் என்பதும் பெயரோடு இருக்க வேண்டும். மாற்று ஆள் பெயர் இல்லாத ஆஃப் நடைமுறைக்கு வராது, இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டாவது, ஓட்டம். ரத்த வங்கிக்கு ஓடுவது, சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோவது, ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவது: ஒரு வாரம் இதற்கெல்லாம் எத்தனை மணி நேரம் போகிறது என்று முதலாம் ஆண்டினர் எல்லாரும் குறித்து வையுங்கள். நிர்வாகத்துக்குக் கண்ணீரைவிட எண் எளிதில் புரியும். இரவுக்கு இரண்டு பணியாளர் கூடுதலாகக் கிடைத்தால் உங்களுக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் கிடைக்கும்.

மூன்றாவது, படுக்கையும் சோறும். பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற டியூட்டி அறை, பக்கத்திலேயே கழிப்பறை. இரவு எட்டரைக்கு மெஸ் மூடிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி ஒரு மணிக்குக்கூட ஆவி பறக்க இட்லி கிடைக்கிற ஊரில், டியூட்டி டாக்டர் பிஸ்கட் பாக்கெட்டோடு விடியும்வரை ஓட்டுகிறார் என்பது எனக்கு ஆறவில்லை. டியூட்டியில் இருப்பவர்கள் பெயர்ப் பட்டியலை மெஸ்ஸில் கொடுத்து, சாப்பாட்டை எடுத்து வைக்கச் சொல்வதற்கு ஒரு பைசா செலவில்லை.

பிறகு பேசுவதற்கு ஒரு ஆள். நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள எந்தக் கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, அந்த ஆலோசகர் உங்களுக்கு மார்க் போடும் துறையைச் சேராதவராக இருக்க வேண்டும், மாலை ஏழுக்குப் பிறகும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

கெட்-டுகெதரை ஒழிக்கச் சொல்ல வேண்டாம். நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். மதியச் சாப்பாடாக, டிபார்ட்மென்டிலேயே, அசிஸ்டென்ட் புரொஃபசர்கள் ஒன்றரை மணி நேரம் வார்டைப் பார்த்துக்கொள்ள. செலவு துறையுடையது அல்லது எல்லாரும் சமமாக. உங்கள் யூனிட்டில் குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து படிக்கும் ஒரு சீனியர் அக்கா இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரும் இந்த ராத்திரி விருந்துகளுக்கு வருவதில்லை. பகலில் வைத்தால் அவர் வருவார்; குடிக்காதவர்கள், கூச்சப்படுகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாவது பக்கத்தை யாரும் புரட்ட மாட்டார்கள்.

நண்பர்கள், கல்யாணம்

'எனக்குச் சோஷியல் லைஃபே இல்லை' என்று எழுதியவர், அதே கடிதத்தில், ரவுண்ட்ஸ் முடிந்து எதிர்க்கடையில் ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடிக்கும் கோ-பிஜி ஒருத்தியைப் பற்றி நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் லாரி விஷயத்தைச் சொன்னீர்களா? எல்லாரும் சுற்றுலா போய்ப் போட்டோ போடுவதைப் பார்த்துவிட்டு நட்புக்கு நிறைய நேரம் வேண்டும் என்று நினைக்கிறோம். பயிற்சிக் காலத்தில் அது பதினைந்து நிமிஷத் துண்டுகளாகத்தான் கிடைக்கும். அந்தத் துண்டில் கேஸ் பேசாமல் இருந்தால் சரி. இதோடு மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரோடு வாரம் ஒரு முறையாவது பேச்சு இருக்கட்டும்; வார்டு மட்டும்தான் உலகம் என்ற எண்ணம் மெல்ல வந்து ஒட்டிக்கொள்ளும், அதை உதறுவதற்கு வெளியாள் வேண்டும். தோழி போன் எடுக்கவில்லை என்றால் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். 'டியூட்டி' என்று மட்டும் சொல்லாதீர்கள், அது அவருக்குச் சாக்காகத்தான் கேட்கும். எட்டு மாதம் எப்படி இருந்தீர்கள் என்று எனக்கு எழுதியதில் கால்வாசியைச் சொன்னால் போதும்.

கல்யாணப் பேச்சை ஆறு மாதம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். நல்ல வரன் தப்பிவிடும் என்பார்கள். தப்பட்டும். தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருந்தாக ஒரு மனிதரைக் கட்டி வைப்பது அவருக்கும் அநியாயம். அம்மா இதைப் புரிந்துகொள்ள மாட்டார் என்று நீங்களாகவே முடிவு கட்டியிருக்கிறீர்கள். தெரிந்தால்தானே புரியும்? அவர் கண்ணில் படுவது, வீட்டுக்கு வந்தால் பேசாமல் படுத்துக்கொள்ளும் மகள். கல்யாண ஏக்கம் என்று நினைத்திருப்பார்.

வருகிற வியாழன் போஸ்ட் டியூட்டி என்று எழுதியிருந்தீர்கள். அன்று நீங்கள் ஊருக்குப் போக வேண்டாம், அம்மாவை மதுரைக்கு வரச் சொல்லுங்கள். தூங்கி எழுந்த பிறகு வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து, லாரியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். அடுத்த நாள் மாலை டாக்டரிடம் போகும்போதும் அவரையே கூட்டிப் போகலாம். ஸ்கூட்டர் சாவியை அவரிடமே கொடுத்து அனுப்பிவிடுங்கள்.